ஒப்பந்தத்தில் இல்லாத அந்த ஒரு வரி

வெளிநாட்டு ஆசிரியர் வேலை பற்றி ஒரு கட்டுரை படித்தேன்; சர்வதேசப் பள்ளியில் வீடும் பிள்ளைக்கு இலவசப் படிப்பும் கொடுத்தால் யோசிக்காமல் கிளம்பலாம் என்கிறது அது. நான் கொஞ்சம் யோசிக்கச் சொல்வேன்.

2021 நவம்பரில் எத்தியோப்பியா நெருக்கடிநிலை அறிவித்தபோது நான் அதன் தலைநகர் அடிஸ் அபாபாவில் அப்படி ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். வடக்கே டெஸ்ஸி, கொம்போல்சா ஊர்கள், அரசை எதிர்த்துப் போரிட்ட டிக்ராய் படைகளின் கையில் என்று செய்தி. நகரத்துக்குள்ளோ காபிக் கடைகளில் வழக்கமான கூட்டம்! ஆனால் அமெரிக்கத் தூதரகம் தன் மக்களைக் கிளம்பச் சொன்னதும் என் வகுப்பில் பல பெஞ்சுகள் காலி. மனைவியையும் மகளையும் திருச்சிக்கு அனுப்பினேன். அப்போதுதான் ஒப்பந்தத்தை ஒழுங்காகப் படித்தேன். குடும்பத்தை வெளியேற்றும் செலவு யாருடையது என்று ஒரு வரி இல்லை. டிக்கெட் கைக்காசுதான். டிசம்பரில் டிக்ராய் படைகள் பின்வாங்கின, மனைவியும் மகளும் திரும்பி வந்தார்கள். சரி, எங்களுக்கு அதிர்ஷ்டம்.

'பிரச்சினை வந்தால் விமானம் ஏறிவிடலாம்' என்பவர்கள் சூடானின் தலைநகர் கார்ட்டூமை நினைத்துக்கொள்ளுங்கள். 2023 ஏப்ரல் 15 அன்று சண்டை தொடங்கியதுமே அங்கே விமான நிலையம் முடங்கியது. இந்திய அரசின் 'ஆபரேஷன் காவேரி' மீட்புப் பணியில் வந்த நம்மவர்களில் பலர் போர்ட் சூடான் துறைமுக நகரம் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்துதான் சவுதியின் ஜெட்டா சேர்ந்தார்கள்.

அதனால் வெளியேற்றச் செலவு, மருத்துவக் காப்பீடு, கணவன் அல்லது மனைவிக்கு வேலை அனுமதி எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். பாஸ்போர்ட்டைப் பள்ளியிடம் விட்டுவைக்காதீர்கள். என் மனைவி அங்கே மூன்று வருடம் வேலையில்லாமல் இருந்தாள். போர்ப் பயத்தைவிட அந்தப் பேச்சுதான் எங்கள் வீட்டில் இன்றும் வருகிறது. மகளுக்கு மட்டும் இன்னும் அந்த ஊர்ப் புளித்த மாவு ரொட்டி இஞ்சேரா வேண்டுமாம்.