பதின்மூன்று ஆண்டுகள் படித்த மாநிலத்தில் அவள் வெளியூர்க்காரியா?

இந்த ஜனவரியில் ஒருநாள் விடிகாலை நாலரை மணிக்கு என் மகளைப் பால்பண்ணை ஒன்றில் இறக்கிவிடப் போனேன். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 19 டிகிரி. கொட்டகையில் ஒரு தலையீற்றுக் கிடாரி இரவெல்லாம் முக்கி முக்கிக் களைத்துப் படுத்திருந்தது. கன்றின் ஒரு முன்னங்கால் வெளியே தெரிந்தது; மற்றது உள்ளே மடங்கிக் கிடந்தது. எழுபது வயதைத் தாண்டிய அந்த கிராமத்துக் கால்நடை மருத்துவருக்குத் தோள்வலி. கையை முழுதாக நீட்ட முடியவில்லை. பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்துகொண்டு, என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். என் மகள் தோள்வரை கையை உள்ளே விட்டு, குளம்பை உள்ளங்கையால் மூடிக்கொண்டு (கருப்பை கிழிந்துவிடக் கூடாதே), மடங்கிய காலை மெல்ல நிமிர்த்தினாள். இருபது நிமிடம் ஆகியிருக்கும். கன்று வழுக்கிக்கொண்டு வைக்கோலில் விழுந்தது. மூக்கிலிருந்த சளியை வழித்தெடுத்துவிட்டு வைக்கோலால் தேய்த்தாள். அது தும்மிய பிறகுதான் நான் மூச்சுவிட்டேன்.

மார்ச் மாதம் கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்து பதில் வந்தது. இடம் இல்லை. அது எதிர்பார்த்ததுதான்; முதல் முறையே இடம் கிடைக்காமல் இரண்டாம், மூன்றாம் முறை விண்ணப்பிப்பவர்கள் ஏராளம். என்னை உறுத்தியது வேறு. அவளைச் சேர்த்திருந்த பட்டியல் 'வெளிநாட்டு மாணவர்'.

நான்கு வயதில் அமெரிக்காவின் இந்த மாநிலத்துக்கு வந்தவள் அவள். ஒன்றாம் வகுப்பிலிருந்தல்ல, அதற்கும் முந்தைய கிண்டர்கார்ட்டனிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை பதின்மூன்று ஆண்டுகள் இங்குள்ள அரசுப் பள்ளியில் படித்தாள். இளநிலைப் படிப்பும் இதே மாநிலத்தின் பல்கலைக்கழகத்தில்தான். இங்கே பிறந்த அவள் தம்பி அமெரிக்கக் குடிமகன். ஒரே வீடு, ஒரே பள்ளி, ஒரே மஞ்சள் பஸ். நாளை அவன் விண்ணப்பித்தால் உள்மாநிலத்தவன். அக்காள் மட்டும் வெளிநாட்டவள்.

ஊரில் இருக்கும் நண்பர்களுக்காக இங்குள்ள முறையைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் கால்நடை மருத்துவம் பிளஸ் டூ முடித்ததும் சேரும் படிப்பு அல்ல. பெரும்பாலானோர் நான்கு ஆண்டு பட்டப்படிப்பை முடித்துவிட்டு, அதன்மேல் இன்னும் நான்கு ஆண்டு படிக்கிறார்கள். நாடு முழுவதும் இதற்கான கல்லூரிகள் முப்பதுக்குச் சற்று மேல்தான். மனிதர்களுக்கான மருத்துவக் கல்லூரிகளோ 150க்கும் மேல். ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்கு மேல் விண்ணப்பிக்கிறார்கள், இடங்கள் ஏறத்தாழ 4,000. இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் நம் ஊர்ப் போட்டியோடு ஒப்பிட ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் அந்த 4,000 இடங்களும் எல்லோருக்கும் திறந்தவை அல்ல. மாநிலப் பல்கலைக்கழகங்கள் பல தங்கள் இடங்களில் பெரும்பகுதியைத் தங்கள் மாநிலத்தவருக்கே வைத்துக்கொள்கின்றன. கட்டணத்திலும் அதே கோடு. உள்மாநிலத்தவருக்கும் வெளியாருக்கும் இடையே ஆண்டுக்கு 20,000 டாலருக்கு மேல் வேறுபாடு இருக்கும் கல்லூரிகள் பல. ஆக, நீங்கள் எவ்வளவு மதிப்பெண் எடுத்தீர்கள் என்பதற்கு முன்பே, எங்கே வசிப்பவராகக் கணக்கிடப்படுகிறீர்கள் என்பது பாதியைத் தீர்மானித்துவிடுகிறது.

மாநிலங்கள் இப்படி ஒதுக்குவது தவறு என்று நான் சொல்லமாட்டேன். அயோவா மாநிலம் 1879இல் கால்நடை மருத்துவக் கல்லூரியைத் தொடங்கியதும், நியூயார்க் மாநிலம் 1894இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஒன்றை நிறுவியதும் தங்கள் விவசாயிகளின் மாடும் குதிரையும் பன்றியும் பிழைக்க வேண்டும் என்பதற்காகத்தான். வரி கட்டும் விவசாயி, 'என் பணத்தில் படித்தவர் என் தொழுவத்துக்கு வருவாரா?' என்று கேட்பது நியாயம். தமிழ்நாட்டில் நாமும் அதைத்தானே செய்கிறோம்? 15 விழுக்காட்டு இடங்களை அகில இந்திய ஒதுக்கீட்டுக்குக் கொடுத்துவிட்டு, மற்றவற்றுக்கு இருப்பிடச் சான்றிதழ் கேட்கிறோம். அதில் எனக்குக் குறையேதும் இல்லை.

யாரை 'நம்மவர்' என்று எண்ணுகிறார்கள் என்பதில்தான் எனக்கு வழக்கு.

நான் வேலை விசாவில் வந்தவன். மனைவியும் மகளும் என்னைச் சார்ந்தவர்களாக எச்-4 விசாவில் வந்தார்கள். கிரீன் கார்டுக்கு மனுப் போட்டு ஆண்டுகள் பல ஓடிவிட்டன. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் ஆண்டுக்கு ஏழு விழுக்காட்டுக்கு மேல் கிடையாது என்ற சட்டத்தால் இந்தியர்களின் வரிசை நகரவே இல்லை. சார்ந்திருக்கும் பிள்ளைக்கு 21 வயது நிறைந்ததும் அந்த விசா முடிந்துவிடும். ஆகவே பல்கலைக்கழகத்தின் கடைசி ஆண்டில் அவள் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினாள். அந்த விசாவின் விதி என்ன? 'எனக்கு வேறொரு நாட்டில் வீடு இருக்கிறது, படித்து முடித்ததும் அங்கே திரும்பிவிடுவேன்' என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படி ஒப்புக்கொண்டவர் இந்த மாநிலத்தில் நிலையாகக் குடியிருப்பவர் அல்ல என்று பெரும்பாலான மாநிலங்கள் முடிவு கட்டிவிடுகின்றன. அதே அறை, அதே கட்டில், அதே முகவரி. பிறந்தநாள் ஒன்று கடந்தது, அவ்வளவுதான்.

மிசௌரி, ஒஹாயோ போன்ற இடங்களில் வெளிமாநில மாணவர் முதலாண்டு அங்கேயே வசித்து, வேரூன்றியதைக் காட்டினால் இரண்டாம் ஆண்டிலிருந்து உள்மாநிலக் கட்டணத்துக்கு மாறலாம். கலிபோர்னியாவில் வளர்ந்த குடிமகன் ஒருவன் மிசௌரிக்குப் போய்ப் பன்னிரண்டு மாதத்தில் மிசௌரிக்காரன் ஆகிவிடலாம். பதினெட்டு ஆண்டுகள் ஒரே தெருவில் வாழ்ந்தவள் அந்தத் தெருவுக்குச் சொந்தக்காரி ஆக முடியாது.

இதற்கு முன்பே நீதிமன்றங்கள் இதைத் தொட்டிருக்கின்றன. 1973இல் விளாண்டிஸ் எதிர் கிளைன் வழக்கில், விண்ணப்பிக்கும்போது வெளிமாநிலத்தவராக இருந்தவர் படிப்பு முடியும்வரை வெளிமாநிலத்தவரே என்ற கனெக்டிகட் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வெளியாருக்குக் கூடுதல் கட்டணம் வாங்கட்டும். ஆனால் 'நான் இங்கேதான் வாழ்கிறேன்' என்று நிரூபிக்கும் வாய்ப்பையே மறுக்கக் கூடாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். 1982இல் டோல் எதிர் மொரெனோ வழக்கு. சர்வதேச வங்கிகளில் வேலை செய்வோரின் பிள்ளைகள், ஜி-4 விசாவில் மேரிலாந்தில் வளர்ந்தவர்கள். அவர்களுக்கு உள்மாநிலக் கட்டணத்தை மறுத்த பல்கலைக்கழகக் கொள்கை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அந்த விசாவில் சொந்த நாட்டில் வீடு வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை என்பது அங்கே முக்கியமாக இருந்தது. எங்கள் பிள்ளைகள் சிக்கிக்கொள்வது அந்த நிபந்தனையில்தான். 21 வயதுவரை அவர்களிடமும் அது இல்லை. 21இல் வேறு வழியின்றி அதற்குள் தள்ளப்படுகிறார்கள்.

விண்ணப்பத்தில் மதிப்பெண் ஒரு பங்குதான். விலங்குகளோடும் மருத்துவர்களோடும் எத்தனை மணி நேரம் கழித்தீர்கள் என்று கணக்குக் கேட்கிறார்கள். மற்ற பிள்ளைகள் மருத்துவமனையில் உதவியாளராகச் சம்பளத்துக்குச் சேர்ந்து அந்த மணிகளைச் சேர்ப்பார்கள். எச்-4இல் இருக்கும் பிள்ளை வேலை செய்யக் கூடாது. சம்பளம் வேண்டாம், சும்மா வருகிறேன் என்றாலும் பல இடங்களில் பயந்துகொண்டு மறுத்துவிட்டார்கள். கடைசியில் அந்த முதியவர் ஒருவர்தான், 'என்னோடு வந்து பார், கற்றுக்கொள்' என்று வண்டியில் ஏற்றிக்கொண்டார். அவளிடம் ஒரு நீல அட்டை நோட்டு இருக்கிறது. தேதி, பண்ணை, எத்தனை மணி, என்ன பார்த்தாள் என்று வரிவரியாக எழுதியிருப்பாள். மடிநோய். குளம்பு சீவுதல். இறந்து பிறந்த கன்று. சில பக்கங்களில் சாணிக் கறை. 1,140 மணி நேரம், ஒரு டாலர்கூட வாங்காமல்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரசுக் கல்விக் கடன் எஃப்-1 மாணவருக்குக் கிடையாது. குடிமக்களுக்கே 2026 ஜூலையிலிருந்து ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்று உச்சவரம்பு வந்துவிட்டது. வெளிமாநிலக் கல்லூரிக்குப் போகும் பலருக்கு அது போதாது. எங்களைப் போன்றவர்கள் வங்கியில் பணத்தைக் காட்ட வேண்டும். சில கல்லூரிகள் நான்கு ஆண்டுக்குமான தொகையை முன்கூட்டியே காட்டச் சொல்கின்றன. கரீபியன் தீவுகளில் உள்ள கல்லூரிகளுக்குப் போகலாமே என்றார் ஒரு நண்பர். கிரெனடாவிலும் செயின்ட் கிட்ஸிலும் அமெரிக்க அங்கீகாரம் பெற்ற கல்லூரிகள் இருப்பது உண்மை. தமிழ்நாட்டில் என்.ஆர்.ஐ. இடம் இருக்கிறதே என்றார் இன்னொருவர். எல்லா யோசனையும் நல்லெண்ணத்தில் வந்தவை. ஆனால் ஒவ்வொன்றும், அவள் வளர்ந்த ஊரை விட்டுப் போகச் சொல்கிறது.

இத்தனைக்கும் இந்த நாட்டில் மாட்டு டாக்டர்களுக்குப் பஞ்சம். அமெரிக்க வேளாண் துறை ஆண்டுதோறும் கால்நடை மருத்துவர் பற்றாக்குறைப் பகுதிகளை அறிவிக்கிறது. அண்மை ஆண்டுகளில் அந்தப் பட்டியல் 200ஐத் தாண்டுகிறது. அங்கே போய் மூன்று ஆண்டுகள் பணிபுரிந்தால் கல்விக் கடனில் ஒரு பகுதியை அரசே அடைக்கிறது. பட்டம் பெறுவோரில் மிகப் பெரும்பாலோர் நாய், பூனை மருத்துவத்துக்குப் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. கடன் கழுத்தை நெரிக்கும்போது நகரத்துக்குத்தான் போவார்கள். ஆனால் மாநிலத்தவருக்கே இடம் என்ற விதி எந்தத் தொழுவத்தை நினைத்து எழுதப்பட்டதோ, அந்தத் தொழுவத்துக்கு ஆள் வரவில்லை. முகவரி பார்த்துச் சேர்த்தால் ஆள் தங்கிவிடுவார் என்ற நம்பிக்கை பலிக்கவில்லை.

மாநிலங்கள் மனம் வைத்தால் வழி கண்டுபிடிக்கத் தெரியாதவை அல்ல. கென்டக்கியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இல்லை. அதற்காக அந்த மாநிலம் தன் பிள்ளைகளைக் கைவிட்டுவிடவில்லை. அலபாமாவில் உள்ள ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கு 38 இடங்களையும் டஸ்கிகீ பல்கலைக்கழகத்தில் சில இடங்களையும் பணம் கொடுத்து வாங்கி வைத்திருக்கிறது. அலாஸ்காவில் பத்துப் பேர் முதல் இரண்டு ஆண்டுகளை ஃபேர்பேங்க்ஸிலும் அடுத்த இரண்டு ஆண்டுகளைக் கொலராடோவிலும் படிக்க ஏற்பாடு செய்தார்கள். எல்லையைக் காகிதத்தில் வளைக்க முடியும் என்பதற்கு இவையே சாட்சி.

நான் கேட்பது ஒன்றுதான். பள்ளிப் பதிவேட்டைப் பாருங்கள். பதின்மூன்று ஆண்டுகள் ஒரு பிள்ளையைப் படிக்க வைக்க இந்த மாநிலம் செலவழித்திருக்கிறது. நாங்களும் வீட்டுவரி, விற்பனை வரி, வருமான வரி எல்லாம் கட்டியிருக்கிறோம். விதைத்து, நீர் பாய்ச்சி, கதிர் முற்றும் நேரத்தில் 'இது பக்கத்து வயல்' என்று எந்த விவசாயியும் சொல்லமாட்டான். வேண்டுமானால் ஒப்பந்தம் போடுங்கள்: படித்து முடித்ததும் ஐந்தாண்டு இந்த மாநிலத்தின் கிராமத்தில் பணியாற்ற வேண்டும் என்று. என் மகள் அன்றைக்கே கையெழுத்துப் போடுவாள். இப்படி வளர்ந்த பிள்ளைகளுக்கு வழிசெய்யும் மசோதா 2021இல் காங்கிரசில் கொண்டுவரப்பட்டது. நான் மூன்று முறை எங்கள் செனட்டருக்குக் கடிதம் எழுதிவிட்டேன். நான்காவதும் எழுதுவேன். இதே நிலையில் இருக்கும் பெற்றோர் நீங்களும் எழுதுங்கள், மாநில சட்டமன்ற உறுப்பினருக்கும் எழுதுங்கள். உள்மாநிலத்தவர் யார் என்று வரையறுப்பதில் அவர்கள் கையிலும் நிறைய இருக்கிறது.

செப்டம்பரில் அவள் மறுபடி விண்ணப்பிக்கிறாள்.

போன வாரம் இரவு மூன்று மணிக்கு அந்த முதியவரிடமிருந்து அழைப்பு வந்தது. இவள் பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு பாட்டில் சீம்பால். எங்கள் ஊரில் இதில் வெல்லம் போட்டு வேகவைத்துத் தின்போம் என்று எப்போதோ பண்ணைக்காரரிடம் சொல்லியிருக்கிறாள். மனிதர் நினைவு வைத்திருந்து கன்று குடித்தது போக மிச்சத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார். கைகழுவிவிட்டு வந்து ஊரில் இருக்கும் அப்பாயிக்கு வீடியோவில் அழைத்தாள். எவ்வளவு பாலுக்கு எவ்வளவு வெல்லம், ஏலக்காய் எப்போது போட வேண்டும் என்று என் அம்மா சொல்லச் சொல்ல, அந்த நீல நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.