அந்தக் கோபுரத்தை விட்டுவிட்டீர்களே

இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷயரில் உள்ள ஹூக் நார்டன் பீர் ஆலையைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை, 1849-இல் ஜான் ஹாரிஸ் அதைத் தொடங்கியதிலிருந்து குடும்பக் கதையை நன்றாகவே சொல்கிறது. சரி, கட்டடத்தை ஏன் விட்டீர்கள்? 1900 வாக்கில் எழுந்த அடுக்குக் கோபுரம் அது. தண்ணீரையும் மால்ட்டையும் (முளைகட்டி உலர்த்திய தானியம்) ஒரு தடவை மேலே ஏற்றிவிட்டால் போதும். ஊறல், கொதி, நொதிப்பு என்று தளம் தளமாகத் தானே இறங்கி வரும். ஏற்றுகிற வேலைக்கு 1899-இல் வந்த நீராவி எந்திரம் 2006 வரை ஓடியிருக்கிறது! பெரிய கம்பெனி கைக்குப் போயிருந்தால் எப்போதோ பழைய இரும்புக் கடையில் கிடந்திருக்கும். அப்புறம் ஆலையின் ஷயர் குதிரைகள், பாரம் இழுக்கும் பெரிய இனம். ஆளுயரத் தோள், குளம்பை மூடிச் சாமரம் போல வெள்ளை முடி. உள்ளூர் பப்புகளுக்கு, அதாவது மதுக்கடைகளுக்கு, பீப்பாய் வண்டி இழுப்பவை அவைதான். விளம்பரத்துக்காக என்பார்கள். இருக்கட்டுமே!