துளையைப் பெரிசாக்கினால் எஞ்சின் முன்னேறாது

ஒரு மெக்கானிக் டூ ஸ்ட்ரோக் பைக்கின் சிலிண்டர் துளையை கிரைண்டரால் பெரிசாக்கிக் காட்டும் அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இன்பாக்ஸில் அதையே திரும்பத் திரும்ப அனுப்பி "இது சரியா?" என்று கேட்கிறார்கள். போதாததற்கு, அங்கே நான் போட்ட ஒரே கேள்வியையும் அழித்துவிட்டார்கள். "எத்தனை டிகிரியில் இருந்தது, எத்தனை டிகிரிக்குக் கொண்டுபோனீர்கள்?" இவ்வளவுதான் கேட்டேன். கிராங்க் ஒரு சுற்று சுற்றும்போது துளை எத்தனை டிகிரி திறந்திருக்கிறது என்ற அளவு அது. அதற்குக் கிடைத்த பதில், "எழுதுறவன் எழுதட்டும், செய்யுறவன் செய்யட்டும்."

சரி, எழுதுகிறேன்.

யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கின் சிலிண்டர். புகை வெளியேறும் துளையான எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல் விளிம்பை கிரைண்டரால் கண் அளவில் மூன்று எம்எம் ஏற்றுகிறார். பக்கவாட்டிலும் இழுக்கிறார். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட் பழசு, சைலன்சர் பழசு, சிலிண்டரின் மூடியான ஹெட் பழசு. வண்டி களியக்காவிளை தாண்டி பாறசாலை எட்டும் முன்னே பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொண்டது. பழியை ஆயில் மேல் போட்டார்கள். வண்டிக்காரப் பையன் போட்ட பிஸ்டன் படத்தைப் பாருங்கள்: கோடு எல்லாம் எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும். ஆயில் இல்லாமல் பிடித்தால் பெரும்பாலும் சுற்றிலும் உரசியிருக்கும், கிராங்க் பக்கத்து பிக் எண்ட் பேரிங் நீலம் பாய்ந்திருக்கும். இது கலவையில் பெட்ரோல் குறைந்து வறண்டு, சூடு ஏறிப் பிடித்த பிஸ்டன். பிஸ்டன் ரிங்கின் ஓரமும் சிதைந்திருக்கிறது. போர்ட் விளிம்பின் கூரை மழுக்காமல் விட்டால் ரிங் அதில் தட்டும்.

டூ ஸ்ட்ரோக்கில் முன்னேற்றம் என்றால் துளையைப் பெரிசாக்குவது அல்ல. உள்ளே வந்த கலவையை உள்ளேயே பிடித்து வைப்பது. இதை இந்தப் பதிவில் பல தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் என்றால், இந்த எஞ்சினின் குறை பிறவியிலேயே அங்கேதான் இருக்கிறது. பிஸ்டன் கீழே இருக்கும் நேரத்தில் புதுக் கலவை வரும் டிரான்ஸ்பர் போர்ட்டும் திறந்திருக்கிறது, எக்ஸாஸ்ட் போர்ட்டும் திறந்திருக்கிறது. புதுக் கலவைதான் பழைய புகையைத் தள்ள வேண்டும். தள்ளும்போது அதில் ஒரு பங்கு தானும் வெளியே போய்விடுகிறது. கார்புரேட்டர் வைத்த சாதாரண எஞ்சினில் முழு திராட்டிலில் ஐந்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை எரியாமலே போகலாம். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல் அது.

ஜோசப் டே 1891இல் பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் சுழலும் அறையான கிராங்க் கேஸையே பம்பாக்கி இந்த எஞ்சினை எளிமையாக்கினார். அன்றிலிருந்து வந்த பெரிய மாற்றங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு ஒழுக்குக்கான மருந்துதான். முதலில் பிஸ்டன் தலையில் ஒரு மேடு வைத்து கலவையை மேலே திருப்பினார்கள். பிஸ்டன் கனத்தது, சூடேறியது. 1920களில் ஜெர்மனியில் ஷ்னூர்லே அந்த மேட்டை எடுத்துவிட்டார். இரண்டு டிரான்ஸ்பர் போர்ட்டையும் எக்ஸாஸ்டுக்கு எதிர்ச் சுவரைப் பார்த்துச் சாய்த்தார். இரண்டு ஓட்டமும் அந்தச் சுவரில் மோதி, மேலே ஏறி, ஹெட்டில் திரும்பி, புகையை முன்னால் தள்ளிக்கொண்டு இறங்கும். நம் கையில் இருக்கும் டூ ஸ்ட்ரோக் எல்லாம் அநேகமாக அந்த வழிதான். அதனால்தான் டிரான்ஸ்பர் போர்ட்டுக்குள் கிரைண்டரை விடும்போது கை நடுங்க வேண்டும். அங்கே பரப்பைவிடத் திசை முக்கியம். வாயோரத்தில் சாய்வு கெட்டால் கலவை நேரே எக்ஸாஸ்டுக்குப் போய்விடும்.

பிறகு கிழக்கு ஜெர்மனியில் எம்இசட் கம்பெனியின் வால்டர் காடன். சைலன்சரை விரிந்து சுருங்கும் கூம்பாக்கும் யோசனையைச் செம்மையாக்கினார். புகையின் அழுத்த அலை போய் பின் கூம்பில் மோதித் திரும்பி வந்து, தப்பி ஓடிய கலவையை எக்ஸாஸ்ட் மூடும் கடைசி நொடியில் சிலிண்டருக்குள் திரும்பத் திணிக்கிறது. 1961இல் அவருடைய 125 சிசி எஞ்சின் 25 குதிரைத்திறன் கொடுத்தது, லிட்டருக்கு 200 கணக்கு. டர்போ இல்லை, வால்வு கேம் இல்லை. 1970களின் கடைசியில் யமஹா எக்ஸாஸ்ட் வாயில் சுழலும் வால்வு வைத்ததும் இதற்குத்தான். மெதுவாக ஓடும்போது போர்ட் தாழ்வாக, வேகத்தில் உயரமாக. யாருமே வெறுமனே துளையைப் பெரிசாக்கவில்லை. எல்லாரும் பிடித்து வைக்கத்தான் பாடுபட்டார்கள்.

இப்போது கணக்கு. ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 50 எம்எம், கனெக்டிங் ராட் நடுவுக்கு நடு 100 எம்எம் என்று வையுங்கள். எக்ஸாஸ்ட் திறந்திருப்பது 170 டிகிரி, டிரான்ஸ்பர் 120 டிகிரி. எக்ஸாஸ்ட் திறந்து 25 டிகிரி கழித்து டிரான்ஸ்பர் திறக்கும். மேல் விளிம்பை 1 எம்எம் ஏற்றினால் திறப்பு நாலரை டிகிரிக்கு மேல் கூடும். 3 எம்எம் ஏற்றினால் 184 டிகிரி. பிஸ்டன் எக்ஸாஸ்டை மூடிய பிறகு இருக்கும் கம்ப்ரெஷன் விகிதம் 6.7 ஆக இருந்தால், ஹெட்டைத் தொடாதவரை 6.1க்கு இறங்கும். மெதுவேகத்து இழுவை அங்கேயே போச்சு.

சைலன்சர் என்ன ஆகும்? ரொம்ப நாளாகப் புழங்கும் கணக்கு ஒன்று உண்டு. எக்ஸாஸ்ட் டிகிரியை 42545ஆல் பெருக்கி ஆர்பிஎம்மால் வகுத்தால், பிஸ்டன் முகத்திலிருந்து பின் கூம்பின் நடுப்பகுதி வரை எம்எம் நீளம் வரும். 170 டிகிரி, 7500 ஆர்பிஎம் என்றால் 964 எம்எம். அதே பைப்பை 184 டிகிரி சிலிண்டரில் மாட்டினால் அலை ஒத்துப்போவது 8100க்கு மேலே. அந்த வேகத்துக்கு ஜெட் போதாது, கலவை வறளும். ஆயிலைப் பெட்ரோலில் கலந்து ஊற்றும் வண்டியா? பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். பிறகு ஏன் பிடிக்காது?

"பட்டறையில் கணக்கு எல்லாம் நடக்காது" என்பவர்களுக்கு: டிகிரி சக்கரம் ஒரு வட்டத் தகடு, ஒரு கம்பி முள். கிராங்க் முனையில் மாட்டி, பிஸ்டன் ஸ்டாப்பரால் மேல் நிலையைப் பிடித்து, போர்ட் திறப்பதைப் பார்க்க அரை மணி நேரம் போதும். நடக்காது என்றால் செய்ய மனசில்லை என்று அர்த்தம்.

"ரேஸ் வண்டியில் 195, 200 டிகிரி வைக்கிறார்களே?" வைக்கிறார்கள். அதற்கேற்ற பைப், ஹெட், கியர், ஜெட் எல்லாம் சேர்த்து வைக்கிறார்கள். சில ரேஸுக்கு ஒருமுறை பிஸ்டனையும் மாற்றுகிறார்கள். மார்த்தாண்டம் பாலத்தின் கீழே நெரிசலில் இரண்டாம் கியரில் ஊர்கிற வண்டிக்கு அது எதற்கு?

உண்மையாகவே நல்லாக்க வேண்டுமென்றால் கிரைண்டர் கடைசி. முதலில் லீக் பாருங்கள். கார்புரேட்டர் வாயையும் எக்ஸாஸ்ட் வாயையும் ரப்பர் வைத்து அடைத்து 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றுங்கள். நிமிஷத்துக்கு 1 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கினால் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேடுங்கள். மேக்னெட் பக்க ஆயில் சீல்தான் பெரும்பாலும் கள்ளன். அது காற்று இழுக்கிற வண்டியில் என்ன மாற்றம் செய்தாலும் பிஸ்டன்தான் போகும்.

அடுத்து ஸ்க்விஷ். இதைத்தான் யாரும் தொடுவதில்லை, இதில்தான் காசு செலவில்லாத லாபம் இருக்கிறது. ஹெட்டின் ஓரத் தட்டைப் பகுதிக்கும் பிஸ்டனுக்கும் இடையே இருக்கும் இடைவெளி. பிஸ்டன் மேலே வரும்போது அங்கே இருக்கும் கலவை நசுங்கி நடுவே பாய்ந்து சுழல வேண்டும். அப்போதுதான் வேகமாக எரியும், ஓரத்தில் தானாக வெடிக்காது. 2 எம்எம் சால்டர் கம்பியை பிளக் ஓட்டை வழியாக, பிஸ்டனை கனெக்டிங் ராடோடு சேர்க்கும் ஊசிக்கு நேரே, சிலிண்டர் சுவரைத் தொடும்வரை விட்டு கிக்கரால் ஒரு சுற்று சுற்றுங்கள். நசுங்கிய நுனியின் தடிமன்தான் அளவு, இரண்டு பக்கமும் எடுங்கள். அந்த ஊசியின் திசையை விட்டு வேறு பக்கம் எடுத்தால் பிஸ்டன் சாய்ந்து அளவு பொய் சொல்லும். 100 சிசிக்கு 0.8 முதல் 1 எம்எம் நல்லது. பழைய எஞ்சின்களில் 1.5க்கு மேலும் வரும், அது வீண். லேத்தில் ஹெட்டைச் சீவும்போது நடுக்குழியின் கொள்ளளவையும் அளந்து திருத்த வேண்டும். இல்லாவிட்டால் கம்ப்ரெஷன் ஏறி நாக் அடிக்கும், அதாவது கலவை தானாக வெடித்துத் தட்டும்.

ரீட் வால்வு, கலவையை உள்ளே மட்டும் விட்டுத் திரும்பாமல் தடுக்கும் தகடு: தகடை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், நுனி தூக்கியிருந்தாலோ கீறியிருந்தாலோ மாற்றுங்கள். உடைந்த துண்டு உள்ளேதான் போகும். பிறகு ஜெட், பிறகு பைப். அதற்கும் பிறகுதான் போர்ட். அதுவும் அரை எம்எம் அரை எம்எம் ஆக. இரும்பு லைனரில் போர்ட்டின் அகலம் போரில், அதாவது சிலிண்டரின் உள்விட்டத்தில், 62 சதவீதம் தாண்ட வேண்டாம். 50 எம்எம் போருக்கு 31 எம்எம். மேல் கீழ் விளிம்பின் கூரைக் கட்டாயம் மழுக்க வேண்டும்.

"பைப் மாற்றினால் போலீஸ் பிடிக்குமே?" பிடிக்கத்தான் செய்யும். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு ரோட்டு வண்டிக்கு அதை அனுமதிக்கவில்லை. எல்லை தாண்டினால் கேரளத்தில் கண்டிப்பு அதிகம். லீக், ஸ்க்விஷ், ரீட், ஜெட், இதோடு நிறுத்திக்கொண்டால் சத்தமும் கூடாது, மைலேஜும் கூடும்.

"டூ ஸ்ட்ரோக் செத்துப்போச்சு, விடுங்க சார்" என்று ஒருவர் எழுதியிருந்தார். இதுதான் என்னை ரொம்ப வருத்தியது. தேங்காப்பட்டணத்துக்கும் நீரோடிக்கும் போய்ப் பாருங்கள். வள்ளத்தின் பின்னால் தொங்குவது என்ன எஞ்சின்? பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றி, கரை சேரும் முன் மறுபடி பெட்ரோலுக்கு வருகிறார்களே, அது டூ ஸ்ட்ரோக். மண்ணெண்ணெய் சீக்கிரம் நாக் அடிக்கும் என்பதால் கம்ப்ரெஷன் குறைத்தே வைக்கிறார்கள். ஏற்கெனவே ஒழுகுகிற எஞ்சின் இன்னும் குடிக்கிறது. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் புல்வெட்டுகிறவர் முதுகில் இருப்பதும் பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக். நாள் முழுக்க அந்த எரியாத புகை அவர் மூக்கில்தான்.

இவர்களுக்கு முன்னேற்றம் வந்திருக்கிறது. புல்வெட்டியிலும் மரம் அறுக்கும் மெஷினிலும் கலவைக்கு முன்னால் வெறும் காற்றை ஒரு அடுக்காக அனுப்புகிறார்கள். வெளியே தப்புவது காற்று, பெட்ரோல் உள்ளே நிற்கிறது. கம்பெனிகள் 20 சதவீதம் வரை எரிபொருள் மிச்சம் என்கின்றன. 2017இல் கேடிஎம் டிரான்ஸ்பர் போர்ட்டிலேயே பெட்ரோலைத் தூவும் இன்ஜெக்ஷன் கொண்டுவந்தது. எக்ஸாஸ்ட் மூடும் நேரத்தில் சிலிண்டருக்குள்ளேயே நேரடியாகத் தூவும் அவுட்போர்டுகளும் வந்தன. எல்லாம் ஒரே விஷயம், பிடித்து வைப்பது. அதைப் பற்றி ஒரு வீடியோ நம் ஊர்ப் பக்கம் இல்லை. ஆர்எக்ஸ் சத்தத்துக்கு மட்டும் நூறு வீடியோ. கடலில் எஞ்சின் பிடித்தால் ஓரமாக நிறுத்தி நடந்து வர முடியாது என்பது அந்த வீடியோ எடுக்கிறவர்களுக்குத் தோன்றவே இல்லையா?

அந்தப் பையனுக்கு ஒரு வார்த்தை. சிலிண்டரைத் தூக்கிப் போடாதே தம்பி. விளிம்பில் வெடிப்பு இல்லையென்றால் ஓவர்சைஸ் பிஸ்டனுக்கு ஏற்ப சிலிண்டரைக் குடைந்துகொள்ளலாம். சிலிண்டரின் அடிப்பாகத்தை லேத்தில் 1 எம்எம் சீவினால் எக்ஸாஸ்ட் 184லிருந்து 179க்கு இறங்கும். டிரான்ஸ்பரும் 120லிருந்து 114க்கு இறங்கும். மேல்வேகம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. ஆனால் அதே 1 எம்எம் ஸ்க்விஷிலும் குறையும், அதனால் ஹெட்டை மறுபடி வெட்டாமல் பூட்டாதே, பிஸ்டன் போய் முட்டும். மெயின் ஜெட்டை இரண்டு அளவு பெரிசாக வைத்துத் தொடங்கி, முழு திராட்டிலில் ஓட்டி, கிளட்ச் பிடித்து எஞ்சினை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பார். காப்பிப்பொடி நிறம் வரும்வரை ஒவ்வொரு அளவாக இறக்கு. வெளுத்தால் உடனே நிறுத்து. கேஸ்கெட் மாட்டும் முன்பு டிகிரி சக்கரம் போட்டு அளந்த எண்களை எனக்கு அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.