சிடி4 ஏறினால் மாத்திரையை நிறுத்தலாமா?

சிடி4 எண்ணிக்கை 500-ஐத் தாண்டிவிட்டால் எச்ஐவி உடம்பை விட்டுப் போய்விட்டது, மாத்திரையை நிறுத்தலாம் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார், ஆனால் விஷயம் அப்படி இல்லை.

சிடி4 என்பது கிருமியின் கணக்கு அல்ல. கிருமி குறிவைக்கும் டி செல்களின், அதாவது நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளை அணுக்களின் கணக்கு. மாத்திரை கிருமி பெருகவிடாமல் தடுப்பதால் அந்தச் செல்கள் மீண்டு வருகின்றன. சரி, கிருமி எங்கே போனது? பழைய தொற்றுகளை நினைவில் வைத்திருக்கும் டி செல்கள் சிலவற்றின் டிஎன்ஏவுக்குள்ளேயே அதன் மரபணு ஒட்டிக்கொண்டு சும்மா கிடக்கும். அந்தச் செல் தூங்கிக்கொண்டிருக்கும்வரை மருந்தால் அதைத் தொட முடியாது, மற்ற டி செல்களுக்கும் அது கண்ணில் படாது. மாத்திரையை நிறுத்தினால், பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலேயே ரத்தத்தில் மறுபடி தலைகாட்டும்.

இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். ஸ்மார்ட் என்ற ஆய்வில் சிடி4 350-க்கு மேல் இருந்த 5,472 பேர். ஒரு பாதிக்கு மாத்திரை தொடர்ந்தது. மறு பாதிக்கு சிடி4 250-க்குக் கீழே இறங்கும்வரை மாத்திரை இல்லை. நிறுத்தியவர்களிடம் நோயும் சாவும் கூடுதலாக இருந்ததால் 2006 ஜனவரியில் ஆள் சேர்ப்பதையே நிறுத்தினார்கள்.

சந்தேகம் இருந்தால் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் 2006 நவம்பர் இதழில் ஸ்மார்ட் ஆய்வைத் தேடுங்கள், சுருக்கம் இலவசம். அப்புறம், பரிசோதனைச் சீட்டையும் எடுத்துப் பாருங்கள்: சிடி4-உம் வைரல் லோடும் (ரத்தத்தில் உள்ள கிருமியின் அளவு) தனித்தனி அளவாகத்தான் இருக்கும்.