பச்சை டிக் இருக்கிறது, ஸ்கிரிப்ட் ஓடுகிறதா?

டெஸ்க்டாப் ஆட் பிளாக்கர்களைப் பற்றி ஒரு நீண்ட புலம்பல். பிரவுசர் எக்ஸ்டென்ஷன்களைச் சொல்லவில்லை. விண்டோஸிலோ மேக்கிலோ பின்னணியில் ஓடிக்கொண்டு, எல்லா பிரவுசர்களுக்கும் வருகிற தரவை நடுவில் நின்று வடிகட்டுகிற மென்பொருள்களைச் சொல்கிறேன். அவற்றில் சிலவற்றில், பெரும்பாலானோர் எட்டியே பார்க்காத ஒரு மூலை உண்டு. யூசர்ஸ்கிரிப்ட், அதாவது தளத்தின் பக்கத்துக்குள் நாமே ஓடவிடும் சின்ன ஜாவாஸ்கிரிப்ட் நிரல், சேர்க்கும் இடம் அது.

யூசர்ஸ்கிரிப்ட் புதுச் சமாச்சாரம் இல்லை. அதை ஓட்டும் எக்ஸ்டென்ஷனான கிரீஸ்மங்கி ஃபயர்ஃபாக்ஸுக்கு 2005-லேயே வந்துவிட்டது. அப்புறம் அதே வேலைக்கு டேம்பர்மங்கி, வயலண்ட்மங்கி. எதைத் தடுக்க வேண்டும் என்று சொல்லும் ஃபில்டர் விதிக்கு அடங்காத தொல்லைகளைச் சில வரி ஜாவாஸ்கிரிப்ட் அடக்கிவிடும். ஆனால் எக்ஸ்டென்ஷன்களுக்கான புதிய விதிமுறையான மேனிஃபெஸ்ட் வி3-க்கு குரோம் மாறிய பிறகு கதை வேறு. விளம்பரம் தடுக்கும் யூபிளாக் ஆரிஜினுக்கு அங்கே இடமில்லை, லைட் பதிப்பு மட்டும்தான். டேம்பர்மங்கி ஓடவேண்டும் என்றால்கூட, எக்ஸ்டென்ஷன் அமைப்புகளுக்குள் போய் யூசர் ஸ்கிரிப்டுக்குத் தனியாக அனுமதி கொடுக்க வேண்டும். பிரவுசருக்கு வெளியே நிற்கும் மென்பொருளுக்கு இந்தக் கெடுபிடி எதுவும் கிடையாது. கையில் வந்து விழுந்த வாய்ப்பு. அதை இந்த மென்பொருள்களைச் செய்பவர்கள் கண்டுகொண்ட மாதிரியே தெரியவில்லை.

நான் பயன்படுத்துவதன் பெயர் வேண்டாம். அதில் ஸ்கிரிப்ட் பகுதி என்றால் ஒரு பட்டியல், பக்கத்தில் ஒரு சுவிட்ச், ஒரு பச்சை டிக். அவ்வளவுதான். செய்தித் தளம் ஒன்றில் படிக்கப் படிக்கக் கூடவே வரும் பட்டையைத் தூக்க ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். முதல் கட்டுரையில் பட்டை போய்விடும். கீழே உருட்டினால், பக்கம் ரீலோட் ஆகாமலே அடுத்த கட்டுரை வந்து ஒட்டிக்கொள்ளும். பட்டையும் திரும்ப வந்துவிடும். ஸ்கிரிப்ட் ஒருமுறை ஓடி முடிந்துவிட்டதா, தளம் தன் அமைப்பை மாற்றிவிட்டதா, இல்லை ஓடவே இல்லையா? பச்சை டிக் மட்டும் அசராமல் நிற்கிறது.

எஃப்12 தட்டி, பக்கத்தின் பிழைகளைக் காட்டும் கன்சோலைப் பார் என்பார்கள். பார்த்தேன். அங்கே அந்தத் தளத்தின் சொந்தப் பிழைகளே வரிசை கட்டி நிற்கின்றன. அதற்குள் என் ஸ்கிரிப்டின் பிழையைத் தேடிப் பிடிப்பது தனி வேலை. அதுவும் ஓடித் தடுமாறிய ஸ்கிரிப்ட்தான் பிழை காட்டும். பக்கத்துக்குள் நுழையவே இல்லை என்றால் கன்சோலில் பெரும்பாலும் அதைப் பற்றி எதுவும் இருக்காது.

நுழையாமலோ பாதியில் நின்றோ போகக் காரணங்கள் நிறைய. இந்த மென்பொருள்கள் கணினியில் பிரவுசர் தங்களை நம்புவதற்கான ரூட் சான்றிதழை நிறுவி, பூட்டி வரும் எச்டிடிபிஎஸ் பக்கத்தைப் பிரித்து, அதன் எச்டிஎம்எல்லுக்குள் ஸ்கிரிப்டைச் செருகுகின்றன. எங்கிருந்து வரும் ஸ்கிரிப்ட் ஓடலாம் என்று தளம் பக்கத்தோடு அனுப்பும் சிஎஸ்பி ஹெடரில் கட்டுப்பாடு போட்டிருந்தால், அதையும் போகிற போக்கில் திருத்தியாக வேண்டும். தரவு சேமிப்பது போன்ற வேலைகளுக்கு ஸ்கிரிப்டுகள் அழைக்கும், டேம்பர்மங்கி இலவசமாகத் தரும் ஜிஎம் ஃபங்ஷன்களையும் இவர்களே எழுதித் தர வேண்டும். ஒன்று விடுபட்டால் அதை நம்பிய ஸ்கிரிப்ட் பாதியில் நிற்கும். கஷ்டமான வேலைதான், மறுக்கவில்லை. அதனால்தான் கேட்கிறேன்: இந்தப் பக்கத்தில் எந்த ஸ்கிரிப்ட் நுழைந்தது, எந்த நேரத்தில், எந்த வரியில் விழுந்தது, எந்த ஃபங்ஷன் இல்லை என்று ஒரு லாக், அதாவது பதிவு. எந்த விதி எதைத் தடுத்தது என்று காட்ட ஃபில்டர் லாக் ஏற்கெனவே இருக்கிறதே, அதிலேயே ஒரு வரி சேர்த்தால் என்ன?

எடிட்டர், பேக்கப், ஸ்கிரிப்ட் சேமித்த தரவைப் பார்க்கும் வசதி எல்லாம் வந்தால் நல்லது. வராவிட்டாலும் சமாளிப்பேன்.

"ஸ்கிரிப்ட் வேண்டும் என்றால் டேம்பர்மங்கி போட்டுக்கொள்ளுங்களேன்" என்று சிலர் சொல்வார்கள். சரி, அப்படியானால் அந்தப் பகுதியையே தூக்கிவிடுங்கள். அரைகுறையாக வைத்திருப்பதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, அதுதான் எனக்குப் பெரிய கவலை.

ஸ்கிரிப்டின் தலைப்பகுதியில் மேட்ச் என்று ஒரு வரி இருக்கும். எந்தெந்தத் தளங்களில் ஓடலாம் என்பதை அதுதான் சொல்கிறது. அதில் நட்சத்திரக் குறி போட்டு எல்லாத் தளங்களையும் எழுதிவிட்டால், நம் மெயில், வங்கிக் கணக்கு வரைக்கும் அந்தக் கோட் போகலாம். நிறுவும்போதே இதைப் பெரிய எழுத்தில் காட்ட வேண்டாமா? அதைவிட மோசம் சத்தமில்லாமல் நடக்கும் அப்டேட். 2018-ல் ஸ்டைலிஷ் எக்ஸ்டென்ஷன் பயனர்களின் பிரவுசிங் வரலாற்றைச் சேகரித்தது வெளியில் தெரிந்து, குரோம், ஃபயர்ஃபாக்ஸ் கடைகளிலிருந்து நீக்கப்பட்டது. தளங்களின் தோற்றத்தை மாற்ற மட்டும் என்று நம்பி லட்சக்கணக்கானோர் வைத்திருந்தது அது. எந்த ஸ்கிரிப்டும் நாளைக்கு வேறு கைக்கு மாறலாம். அப்டேட் வரும்போது பழைய கோடுக்கும் புதியதற்கும் என்ன வித்தியாசம் என்று காட்டலாம். அது முடியாவிட்டால், மேட்ச் வரியில் புதிய தளம் சேர்ந்திருந்தாலாவது நிறுத்திவிட்டு என்னைக் கேட்கட்டும்.