சனிக்கிழமை நான் ஏன் எழுந்து நின்றேன்

சனிக்கிழமை நிகழ்ச்சியில் நான் பேச்சாளரை மறித்துப் பேசிய காணொளியை எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். நேற்றிலிருந்து ஆளுக்கு ஆள் எனக்கே அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள், அதில் இருப்பது யாரென்று எனக்குத் தெரியாத மாதிரி. ஆமாம், மைக் இல்லாமல் கத்தியது நான்தான். கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சொன்னதற்குக் கேட்க மாட்டேன்.

பள்ளி முடிவில் வரும் எஸ்பிஎம் தேர்வு எழுதப் போகிற பிள்ளைகளுக்குத் தன்முனைப்பு நிகழ்ச்சி. பேச்சாளர் நாலு நல்ல வார்த்தை சொல்வார் என்றுதான் மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் ஆசியான் என்கிற தென்கிழக்காசிய நாடுகளின் தனிநபர் வருமானத்தைத் திரையில் போட்டார். சிங்கப்பூர்ப் பட்டை கூரையை முட்டுகிறது, நம் மலேசியாவுடையது முழங்கால் உயரம். "உங்க அப்பா அம்மா ஒழுங்கா உழைச்சிருந்தா இதுவும் உசந்திருக்கும்" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். அங்கேதான் எழுந்தேன்.

எண்கள் பொய் என்று நான் சொல்லவில்லை. 2024இல் சிங்கப்பூருக்குத் தலைக்கு ஏறத்தாழ 90,000 அமெரிக்க டாலர், நமக்கு 12,000 சுற்றி. ஆனால் சிங்கப்பூர் ஆறு மில்லியன் பேர் வாழும் ஒரு நகரம். அதற்குக் கிளந்தான் மாதிரி ஏழை மாநிலம் கிடையாது, சபா உட்புறம் கிடையாது, கெடா வயல் கிடையாது. நகரத்தை நகரத்தோடு வைத்துப் பாருங்கள். கோலாலம்பூரை மட்டும் பிரித்தெடுத்தால் தலைக்கு 120,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் வரும். நம் பினாங்கு 70,000 சுற்றி. கிளந்தானுக்கு 20,000கூட இல்லை. எல்லாவற்றையும் போட்டுக் கலக்கிய சராசரிதான் அந்த முழங்கால்.

"கோலாலம்பூரை வைத்தாலும் சிங்கப்பூரில் மூன்றில் ஒரு பங்குதானே" என்று கணக்கு வாத்தியார் யாராவது வருவார். சரி, மூன்றில் ஒன்று. நீங்கள் காட்டியது ஏழில் ஒன்று. மேலே போவோம்.

டாலர் விஷயம். 2024 பிப்ரவரியில் ஒரு அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழ 4.80 வெள்ளி. 1998க்குப் பிறகு நம் காசு அவ்வளவு கீழே போனதில்லை. அதே ஆண்டு செப்டம்பர் முடிவில் 4.12 சுற்றி வந்துவிட்டது. அந்த ஏழு மாதமும் நான் தொழிற்சாலையில் அதே லைனில், அதே ஷிப்டில், அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். டாலரில் பார்த்தால் என் சம்பளம் நூற்றுக்குப் பதினாறு ஏறிவிட்டது. அப்படியானால் பிப்ரவரியில் சோம்பேறி, செப்டம்பரில் உழைப்பாளி, அப்படித்தானே ஐயா? 1973 வரை சிங்கப்பூர், மலேசியா இரண்டு நாட்டு வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று மாறியது என்று அப்பா சொல்வார். இப்போது சிங்கப்பூர் வெள்ளிக்கு நம் மூன்று வெள்ளிக்கு மேல் எண்ணி வைக்க வேண்டியிருக்கிறது. எனக்கே வலிக்கிற கணக்கு இது, மறைக்கவில்லை. ஆனால் அது நானும் என் அப்பாவும் வேலைக்கு மட்டம் போட்டதால் வந்ததில்லை.

அப்புறம், "வியட்நாம்கூட நம்மைத் தாண்டிடுச்சு" என்றார். எதில்? மொத்தப் பொருளாதாரத்தில் என்றால், ஆமாம். 2024இல் அவர்களுக்கு ஏறத்தாழ 476 பில்லியன் டாலர், நமக்கு 420 சுற்றி. அவர்கள் நூறு மில்லியன் பேர், நாம் 34 மில்லியன். தலைக்குப் பிரித்தால் அந்த ஆண்டு அவர்களுக்கு ஐயாயிரம் டாலர்கூட வரவில்லை. சிங்கப்பூரோடு ஒப்பிடும்போது தலைக்கணக்கு, வியட்நாமோடு ஒப்பிடும்போது மொத்தக்கணக்கு. எது நம்மைக் குட்டும் என்று பார்த்துப் பார்த்து எடுத்திருக்கிறார். பாசாரில் மீன் விற்கிறவர்கூட நடுவில் தராசை மாற்ற மாட்டார்.

அந்த ஆண்டு வளர்ச்சி வேகம் அவர்களுக்கு 7.1 விழுக்காடு, நமக்கு 5.1. அது உண்மை. ஆனால் வியட்நாம் கதையை எனக்குத் திரை போட்டுக் காட்ட வேண்டாம். பினாங்கு பாயான் லெப்பாஸில் சிப் தொழிற்சாலையில் நான் சேர்ந்தது 1991இல், நாளுக்கு 13 வெள்ளி. பல வருஷம் கழித்து எங்கள் லைனில் பாதியை அங்கே மாற்றினார்கள். அதற்கு முன்னால் அங்கிருந்து பதினொரு பெண்கள் வந்தார்கள். சொல்லிக்கொடுக்க என்னை விட்டார்கள். மூன்று வாரம். பேச மொழி கிடையாது, கையைப் பிடித்துத்தான் காட்டினேன்: மைக்ராஸ்கோப்பில் ஒயரை எப்படிப் பார்ப்பது, எந்தக் கீறலைத் தள்ளுவது, எதை விடுவது. கெட்டிக்காரப் பிள்ளைகள். போகிற அன்று ஒருத்தி காப்பித்தூள் பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டு அழுதாள். அந்த 7.1இல் என் கைரேகையும் இருக்கிறது. அடுத்த மாதமே எங்கள் ஓவர்டைமை நிறுத்தினார்கள்.

"அரசாங்கத்துக்கு வக்காலத்து வாங்குகிறாயா அக்கா?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நானா? சிங்கப்பூர் மேல் பொறாமையா என்று இன்னொருவர். என் சொந்தத் தம்பியே அங்கேதான் இருக்கிறான். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகத் தினமும் விடிவதற்கு முன்னால் ஜொகூர்ப் பாலத்தில் மோட்டார் சைக்கிளில் வரிசை கட்டுகிறவர்களைப் போய்க் கேளுங்கள், அந்த உயரமான பட்டைக்கு யார் முட்டுக்கொடுக்கிறார்கள் என்று.

என் கோபம் வேறு. இந்த நாட்டில் உண்டாகும் ஒவ்வொரு நூறு வெள்ளியிலும் சம்பளமாகத் தொழிலாளிக்குப் போவது மூன்றில் ஒரு பங்கு சுற்றித்தான். அரசாங்கப் புள்ளிவிவரமே அதைச் சொல்கிறது. உலகத்தில் சோதித்துப் பொதி செய்யப்படும் சிப்புகளில் நூற்றுக்குப் பதின்மூன்று மலேசியாவில் முடிகிறது என்று எல்லா மேடையிலும் பெருமை பேசுகிறார்கள். அதில் பெரிய பங்கு இந்தப் பினாங்குத் தீவில். அந்தச் சிப்பைப் பார்த்துப் பார்த்துத்தான் என் கண்ணாடி இவ்வளவு தடிமன். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது 2025 பிப்ரவரியில்தான். முப்பத்து நான்கு வருஷத்தில் எங்கள் தொழிற்சாலைக் கட்டடம் மூன்று மடங்கு ஆனதை நான் பார்த்தேன். பட்டை ஏன் உயரவில்லை என்று என் பிள்ளைக்கு முன்னால் என்னையே கேட்கிறார், அன்று மாலை லேசர் பேனாவோடு இறங்கி வந்தவர்.

1996இல் எனக்கும் சிங்கப்பூரிலிருந்து வேலைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. அம்மாவுக்கு டயாலிசிஸ் தொடங்கிய வருஷம். வாரம் மூன்று தடவை யார் கூட்டிக்கொண்டு போவது? கடிதத்தை அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தேன். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சனிக்கிழமை வீடு திரும்பும்போது காரில் மகன் கேட்டான், "அம்மா, நீங்க ஏன் அப்பவே போகல?" பெல்ட் போடு என்றேன்.

அந்தக் காணொளியை இனி எனக்கு அனுப்பாதீர்கள். பிள்ளைகள் சிரிக்கிற இடத்தில், இரண்டாவது வரிசையில், நீலச் சட்டை போட்டுக்கொண்டு சிரிப்பது அவன்தான்.