எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்கு வயது உச்சவரம்பு இல்லை

55 வயதைத் தாண்டியவர்களுக்கு எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்யக் கூடாது என்று மருத்துவ விதி இருப்பதாக ஒருவர் எழுதியிருக்கிறார், பலர் பகிர்ந்தும் இருக்கிறார்கள். மன்னிக்கவும், அப்படி ஒரு விதி இல்லை.

இந்த அறுவை சிகிச்சைத் துறையின் அமெரிக்கச் சங்கமும் (ASMBS) சர்வதேசக் கூட்டமைப்பும் (IFSO) 2022இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், வயதுக்கு உச்சவரம்பு இல்லை என்றே சொல்கிறது. 70 கடந்தவர்களுக்கும் வெற்றிகரமாகச் செய்யப்பட்டிருப்பதை அதிலேயே குறிப்பிடுகிறார்கள். வயதை விட உடல் தளர்ச்சிதான் சிக்கல்களோடு அதிகம் தொடர்புடையது என்பது அவர்கள் கருத்து. அதற்காக எல்லாருக்கும் ஏற்றது என்று அர்த்தமில்லை. இதயம், நுரையீரல், சிறுநீரகம், தசை வலிமை எல்லாம் பார்த்துத்தான் டாக்டர் முடிவு செய்வார். வயது கூடக்கூட இந்தப் பரிசோதனைகள் இன்னும் முக்கியம்.

சரிபார்ப்பது எளிது. இந்த வழிகாட்டுதல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, அதில் முதியவர்கள் பற்றிய பகுதியைப் பாருங்கள். அப்புறம், இந்தியாவில் மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள் பாலிசி ஆவணத்தை எடுத்து, விலக்குகள் (காப்பீடு கிடைக்காதவை) பட்டியலில் உடல் பருமன் பற்றிய பத்தியைப் படியுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த அந்த வாசகத்தில், இந்த அறுவை சிகிச்சைக்குக் காப்பீடு கிடைக்க 18 வயது நிறைந்திருக்க வேண்டும் என்று இருக்கும், பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) குறைந்தது 40 அல்லது சில நோய்களோடு 35 என்று இருக்கும். மேல் வயது எங்குமே இருக்காது.

பகிர்ந்தவர்கள் தயவுசெய்து ஒரு வரி திருத்தம் சேர்த்துவிடுங்கள். சர்க்கரையோடும் மூட்டுவலியோடும் அவதிப்படும் 58 வயதுக்காரர் ஒருவர் இதை நம்பி டாக்டரிடம் கேட்காமலே இருந்துவிடக் கூடாது.